சொல்லால் நாடு காப்பவர்: வெளியுறவு அமைச்சரின் வரலாறும் பணியும்

கல்வி அமைச்சரின் வேலை என்ன, சுகாதார அமைச்சரின் வேலை என்ன என்று கேட்டால் தோட்டத்துப் பள்ளிச் சிறுவனும் தயங்காமல் விடை கூறுவான். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அவன் கண்முன் இருப்பவை. வெளியுறவு அமைச்சரின் பணியோ கண்ணுக்கெட்டாத தொலைவில் நடைபெறுவது. அவர் விமானம் ஏறுகிறார், கைகுலுக்குகிறார், கையெழுத்திடுகிறார் என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அதனால் நமக்கு வரும் பயன் யாது என்ற ஐயம் எழுவது இயல்பே.

மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நமக்கு அப்பணி சிறிதும் அயலானதன்று. நம் எல்லை ஆற்றங்கரையில் அமைதி திரும்பியதும், நாம் சீவி எடுத்த பாலுக்குச் சந்தை விரிந்ததும், வெளிநாட்டில் துன்புறும் நம் பிள்ளைகள் வீடு திரும்புவதும் அப்பணியோடு தொடர்புடையவை. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பழைய மலாக்காவில்

தூது என்பது தமிழருக்குப் புதிய கலையன்று. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது சென்ற செய்தியையும் நாம் அறிவோம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்களின் ஆட்சியில் அயல்நாட்டாரோடு பழகும் முறை செம்மையாக வகுக்கப்பட்டிருந்தது. துறைமுகத்திற்கு நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர். ஒருவர் குஜராத்தி வணிகரைக் கவனித்தார். மற்றொருவர் தென்னிந்தியா, வங்காளம், பெகு, பாசை ஆகிய இடங்களிலிருந்து வந்தோரைக் கவனித்தார். மூன்றாமவர் ஜாவா முதலிய தீவுகளின் வணிகருக்கும், நான்காமவர் சீனா, சம்பா முதலிய நாடுகளின் வணிகருக்கும் பொறுப்பாயிருந்தனர். வருவோருக்குக் கிடங்கு ஒதுக்குவதும், அவர்களைப் பெண்டஹாராவிடம் அழைத்துச் செல்வதும், வழக்குகளைத் தீர்ப்பதும் இவர்களின் கடமையாகும். நம் முன்னோரான தமிழ் வணிகரும் இவ்வேற்பாட்டின் கீழ்தான் இங்கு வந்து சென்றனர்.

1511-ஆம் ஆண்டு போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். பின்னர் டச்சுக்காரரும், அவர்களை அடுத்து ஆங்கிலேயரும் ஆண்டனர். அந்நாள் முதல் இம்மண்ணின் வெளியுறவு வேறு தலைநகரங்களிலே முடிவு செய்யப்பட்டது. டச்சுக்காரர் மலாக்காவை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கை இலண்டனில் கையெழுத்தாயிற்று. மலாக்கா மக்களைக் கேட்டு அது செய்யப்படவில்லை. தன் சார்பில் பேச ஓர் ஆளில்லாத நாட்டின் நிலை அதுவேயாகும்.

விடுதலையும் முதல் அமைச்சர்களும்

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், இலண்டன் பேச்சுவார்த்தையை முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் கூடியிருந்த மக்களிடம் விடுதலை நாளை அறிவித்தார். 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. அடுத்த மாதம் 17-ஆம் நாள் மலாயா ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 82-ஆம் உறுப்பு நாடாயிற்று. அன்று தொட்டு நம் நாட்டின் சொல்லை நாமே சொல்லும் உரிமை நம்முடையதாயிற்று.

பிரதமர் துங்குவே முதல் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். டாக்டர் இஸ்மாயில் அப்துல் ரஹ்மான் அமெரிக்காவுக்கான முதல் தூதராகவும் ஐ.நா.வில் முதல் நிரந்தரப் பேராளராகவும் அனுப்பப்பட்டார். 1959-இல் நாடு திரும்பிய அவர் சிறிது காலம் வெளியுறவு அமைச்சராகப் பணியாற்றினார். 1960-இல் துங்கு அப்பொறுப்பை மீண்டும் ஏற்று 1970 வரை வகித்தார். அவருக்குப்பின் பிரதமரான துன் அப்துல் ரசாக்கும் 1975 வரை இரு பொறுப்புகளையும் சேர்த்தே சுமந்தார். அவ்வாண்டில் தெங்கு அகமது ரித்தாவுடீன் பொறுப்பேற்ற பிறகே வெளியுறவுக்குத் தனி அமைச்சர் என்னும் வழக்கம் நிலைபெற்றது. இவ்வமைச்சு விஸ்மா புத்ரா என்ற பெயரால் வழங்கப்படுகிறது.

கீசாங் ஆற்றங்கரையில்

சொல் முறிந்தால் என்ன நேரும் என்பதை நம் மாநிலமே கண்டிருக்கிறது. மலேசியா அமைவதை எதிர்த்த இந்தோனேசியா, 1963 சனவரியில் தன் வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோவின் வாயிலாக 'கான்பிரண்டாசி' எனப்படும் மோதல் கொள்கையை அறிவித்தது. 1964 ஆகஸ்டில் ஜொகூரின் பொந்தியான் கரையிலும், செப்டம்பரில் லாபிஸ் பகுதியிலும் அந்நாட்டுப் படையினர் இறங்கினர். அக்டோபர் 29-ஆம் நாள் 52 பேர் மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லையாக ஓடும் கீசாங் ஆற்றின் முகத்துவாரத்தருகே கரையேறினர். தெரெண்டாக் முகாமிலிருந்து சென்ற ஆஸ்திரேலிய வீரர் உள்ளிட்ட காமன்வெல்த் படையினர் அவர்களுள் பெரும்பாலோரை விரைவில் பிடித்துவிட்டனர். ஜாசின் வட்டாரத்து மக்களுக்குப் போர் அத்துணை அருகில் வந்திருந்தது.

படைவீரர் எல்லையைக் காத்தனர். ஆயினும் சண்டையை முடித்து வைத்தது பேச்சேயாகும். லாபிஸ் நிகழ்ச்சிக்குப்பின் நம் நாடு ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. அப்போது உள்துறை அமைச்சராயிருந்த டாக்டர் இஸ்மாயில் அங்குச் சென்று வாதாடினார். பதினொரு உறுப்பினருள் ஒன்பது பேர் நம் பக்கம் வாக்களித்தனர். சோவியத் ஒன்றியம் தன் தடையுரிமையைப் பயன்படுத்தியதால் தீர்மானம் நிறைவேறவில்லை. எனினும் உலகின் பெரும்பகுதி நம் நியாயத்தை உணர்ந்தது என்பது வெளிப்பட்டது.

பின்னர் இந்தோனேசியாவில் ஆட்சி நிலை மாறிற்று. 1966 மே மாத இறுதியில் அன்றைய துணைப் பிரதமர் துன் ரசாக்கும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆடம் மாலிக்கும் பேங்காக்கில் சந்தித்துப் பேசினர். ஆகஸ்டு 11-இல் ஜகார்த்தாவில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மூன்றாண்டுகளுக்கு மேலாக நீடித்த பகை ஒரு மேசையின்மேல் முடிந்தது.

தோட்டத்தில் வளர்ந்த அமைச்சர்

மறு ஆண்டு, 1967 ஆகஸ்டு 8-ஆம் நாள், அதே பேங்காக்கில் ஐந்து நாட்டினர் கூடி ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்தனர். மலேசியாவுக்காகத் துன் ரசாக், இந்தோனேசியாவுக்காக ஆடம் மாலிக், தாய்லாந்துக்காகத் தனத் கோமான், பிலிப்பைன்சுக்காக நார்சிசோ ராமோஸ், சிங்கப்பூருக்காகச் சி. ராஜரத்தினம் ஆகியோர் கையெழுத்திட்டனர். ஓராண்டுக்கு முன்வரை மோதலில் இருந்த இரு நாடுகளும், 1965-இல் பிரிந்துபோன சிங்கப்பூரும் ஒரே தாளில் பெயரெழுதிய அருமையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ராஜரத்தினம் அவர்களின் வாழ்வு தோட்ட மக்களாகிய நாம் அறிய வேண்டியதாகும். 1915-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், கைக்குழந்தையாகவே மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் தந்தையார் நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். ரப்பர் மரங்களிடையே வளர்ந்த அச்சிறுவர் சிரம்பான், கோலாலம்பூர், சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கற்று, இலண்டனில் சட்டம் பயிலச் சென்றார். உலகப்போர் குறுக்கிடவே பட்டம் பெறாமல் செய்தியாளரானார். 1965-இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சராகி 1980 வரை அப்பதவியில் இருந்தார். பெரும்படையோ பரந்த நிலமோ இல்லாத ஒரு சிறு நாட்டுக்கு உலக அரங்கில் இடம் தேடித் தந்தது அவருடைய பேனாவும் பேச்சுமேயாகும்.

பாலும் விலையும்

நாம் எடுக்கும் பால் இந்நாட்டில் மட்டும் விற்பதன்று. அதன் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிமார் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பால்மரம் வெட்டுவோரின் ஊதியம் ரப்பர் விலையோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே உலகச் சந்தையில் விலை சரிந்தால் தொழிலாளியின் அடுப்படியிலும் அது தெரிந்தது.

விற்கும் நாட்டுக்கு வாங்குவோர் பலராயிருத்தல் நன்று. 1964-இல் நமக்கெதிராக வாக்களித்த சோவியத் ஒன்றியத்தோடு 1967-இல் தூதரக உறவு ஏற்பட்டது. அந்நாடு நம் ரப்பரைப் பெருமளவில் வாங்கியதாகும். 1974 மே 31-இல் துன் ரசாக் பெய்ஜிங் சென்று சீனாவோடு உறவை ஏற்படுத்தினார். ஆசியான் நாடுகளுள் அவ்வாறு செய்த முதல் நாடு மலேசியாவே. இந்நூற்றாண்டில் நம் இயற்கை ரப்பரை வாங்கும் நாடுகளுள் சீனா முன்னணியில் நிற்கிறது. நேற்றைய மனக்கசப்பை இன்றைய வாணிபத்திற்குத் தடையாக்காதிருப்பது வெளியுறவின் முதற்பாடம்.

1979-இல் ஜெனீவாவில் அனைத்துலக இயற்கை ரப்பர் உடன்பாடு உருவாயிற்று. விலை வீழ்ந்தால் ரப்பரை வாங்கிச் சேமிப்பதும், விலை மிக உயர்ந்தால் விற்பதும் அதன் ஏற்பாடு. சேமிப்பின் உச்ச அளவு 550,000 டன். உற்பத்தி நாடுகளும் வாங்கும் நாடுகளும் ஒருங்கே சேர்ந்த அவ்வமைப்பின் தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தது. இத்தகைய பேச்சுகளை மூலத்தொழில் அமைச்சு முன்னின்று நடத்தினும், அயல்நாடுகளின் மனநிலையை அறிந்து வழி செய்வது தூதரகங்களின் பணி. அவ்வுடன்பாடு 1999-இல் முடிவுற்றது. மலேசியாவும் விலகிய பின்னர் அது நிலைக்கவில்லை. உடன்பாடு என்பது ஒருமுறை எழுதினால் என்றும் நிற்பதன்று. இடைவிடாது பேணவேண்டியது என்பதற்கு இது சான்று. 2001-இல் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் பாலியில் கூடி ரப்பர் விலைக்காக ஒத்துழைக்க இசைந்தன.

நமக்கு உதவும் கை

வெளியுறவு அமைச்சரின் கடமைகளைத் தொகுத்துக் கூறின், அயல்நாட்டுக் கொள்கையில் அமைச்சரவைக்கு அறிவுரை கூறுதல், தூதரகங்களை நடத்துதல், உடன்படிக்கைகளைப் பேசி முடித்தல், வெளிநாட்டிலுள்ள நம் குடிமக்களுக்குத் துணைநிற்றல் ஆகிய நான்காகும். இவற்றுள் இறுதியானது நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது.

கடப்பிதழை வழங்குவது குடிநுழைவுத் துறை. அதனை அயல்நாட்டில் தொலைத்துவிட்டவர் அங்குள்ள மலேசியத் தூதரகத்தை அணுகினால் நாடு திரும்புவதற்கான அவசரப் பத்திரம் பெற வழியுண்டு. ஒருவர் கைதானால், தம் தூதரகத்திற்குச் செய்தி தெரிவிக்குமாறு கேட்கும் உரிமையை 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் அளிக்கிறது. தூதரகத்தார் சென்று காண்பர், குடும்பத்தாருக்குச் சொல்வர். ஆனால் அந்நாட்டுச் சட்டத்தை மீறி அவரை விடுவிக்க எந்த அமைச்சராலும் இயலாது.

அண்மை ஆண்டுகளில் கம்போடியா, மியன்மார் முதலிய இடங்களில் உயர்ந்த சம்பளம் என்ற பொய்யான வேலை அறிவிப்பை நம்பிச் சென்ற மலேசிய இளைஞர் பலர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினர். அவர்களை மீட்க வெளியுறவு அமைச்சு அந்நாட்டு அதிகாரிகளோடு பேச வேண்டியதாயிற்று. ஆகவே வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பிள்ளை, முதலாளி யார், ஒப்பந்தம் எங்கே, எந்த வகை விசா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். செல்லும் நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வீட்டில் குறித்து வைத்தல் நலம்.

மற்றொன்றும் உண்டு. தூதரகங்களில் பணிபுரியும் அதிகாரிகள் பொதுச் சேவை ஆணையத்தின் வழியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அதற்குக் கல்வியும், மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தேர்ச்சியும், பிறர் கூறுவதைப் பொறுமையாகக் கேட்கும் பண்பும் வேண்டும். இவை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டாதவை அல்ல. தாய்மொழியோடு மேலும் இரு மொழிகளைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்வது அவர்களுக்குக் கிடைத்த செல்வமாகும். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் ஐவருள் ஒருவராய் ஆசியானுக்குக் கையெழுத்திட்டார். அவ்வழியில் நம் பிள்ளைகளும் நடக்க, அவர்களின் படிப்பைப் பாதியில் நிறுத்தாமல் காப்பது பெற்றோராகிய நம் கடமை.