குலக்கல்வியும் தொழில்முனைவும்

'எல்லாரும் காலேஜ் போயி என்ன பண்ணப் போறாங்க? பேசாம ஒரு தொழிலக் கத்துக்கிட்டா நாலு பேருக்கு வேல குடுக்கலாமே.' உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரிக்குப் பதிலாகத் தொழில்முனைவுப் பிரிவு வேண்டும் என்கிறவர்களின் வாதத்தை இப்படிச் சுருக்கிவிடலாம். மறுக்க முடியாத பொதுப்புத்தியாக ஆகிவிட்டது என்பதாலேயே இதைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. என்ன சொல்கிறார்கள் என்பதைவிட யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்டால் விஷயம் கொஞ்சம் விளங்கும். டாக்டர் வீட்டுப் பிள்ளையிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

நமது சூழலில் இந்தச் சொல்லாடலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம் கிராமப் பள்ளிகளில் படிப்பை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். வெட்டியானின் மகன் எதைப் பழகுவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்தவர்கள் வைத்த குலக்கல்வி என்ற பெயரே அதற்கு நிலைத்தது. 1954 ஏப்ரலில் முதல்வரான காமராஜர் அடுத்த மாதமே அதைக் கைவிட்டார். (புதுச்சேரி தப்பித்தது பிரெஞ்சுக்காரன் புண்ணியத்தில். ஊர் இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது அந்த வருஷம் நவம்பரில்தான்.)

தொழில்முனைவு என்பது குலக்கல்வியின் மறுபெயர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் முன்னது பையனைத் தகப்பனோடு கட்டிப்போட்டது. பின்னதோ 'நீயே முதலாளி' என்று ஆசை காட்டுகிறது. இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்றிருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 பாரம்பரியத் தொழில்களுக்கு ஐந்து சதவீத வட்டியில் 3 லட்சம் வரை கடன் தருகிறது. கடன் தருவதில் என்ன தப்பு? தப்பு வயதில் இருக்கிறது. குறைந்தபட்ச வயது 18, அதாவது பிளஸ் டூ முடிக்கிற வயசு. கல்லூரி வாசலில் நிற்கிறவனிடம் உன் அப்பனோட உளிக்கு லோன் தர்றேன் என்கிறோம். வயதை 35 ஆக்கவும் குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கவும் கேட்ட தமிழ்நாடு அரசு, அது நடக்காததால் 2024 நவம்பரில் திட்டத்தை ஏற்க மறுத்தது.

இத்தாலியின் 1923ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தை முன்வைத்து கிராம்ஷி தன் சிறைக் குறிப்புகளில் எழுப்பும் பிரச்சினையும் இதுதான். தொழிற்பள்ளிகள் பெருகுவது பார்வைக்கு ஜனநாயகமாகத் தெரியும். நடைமுறையில் ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஒரு பள்ளி என்றாகி, இருக்கிற வேறுபாடு இறுகிப்போகும் என்கிறார். எல்லாருக்கும் ஒரே அடிப்படைக் கல்வி, பிரிவதெல்லாம் அதற்குப் பிறகு என்பது அவர் முன்வைத்த மாற்று. நம் ஊரில் வர்க்கத்துக்கு முன்னால் சாதி வந்து நிற்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

சாதி என்றதும், தொழிலில் ஜெயித்த சாதியின் கதையையும் பார்த்துவிடுவது நல்லது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். தொழில்முனைவுக்கு உதாரணமாக மேடைதோறும் சொல்லப்படுகிற கதை. அவர்களுக்குப் பின்னால் உறவின்முறையும் வியாபாரிகளின் மகமையும் கடன் கொடுக்கிற சொந்தங்களும் இருந்த ஒரு சமூகம் நின்றது என்பது மேடையில் வராது. அந்த மகமைப் பணத்தை விருதுநகர் வியாபாரிகள் எதில் போட்டார்கள் என்பதுதான் முக்கியம். 1889இல் சத்திரிய வித்தியாசாலை என்ற பொதுக்கல்விப் பள்ளியைத் தொடங்கினார்கள். கடை நடத்தக் கடையில் கற்றுக்கொள்ளலாம் என்று தெரிந்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தைக் கடையில் கிடைக்காததற்காகக் கட்டினார்கள். காமராஜர் படித்ததும் அங்கேதான்.

புதுச்சேரிக்கு வருவோம். ரோடியர் மில் என்று ஜனங்கள் இன்றும் சொல்கிற ஏ.எப்.டி. 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. 1936 ஜூலை 30 துப்பாக்கிச்சூட்டில் பன்னிரண்டு பேரைப் பலிகொடுத்து எட்டு மணி நேர வேலையை வாங்கிய மில் தொழிலாளர்களின் ஊர் இது. அவர்களுடைய பேரனிடம் போய் 'வேலை கேக்காதே, வேலை குடு' என்று சொல்லும்போது, வேலை இல்லாமல் போனது அவனுடைய மனோபாவக் கோளாறாக மாறிவிடுகிறது. கவர்மெண்ட் வேலை மோகம் என்று கேலி பேசுகிறோம். பலருக்கு மாதச் சம்பளம்தான் சாதிக்குக் கட்டுப்படாமல் கைக்கு வந்த முதல் காசு.

இங்குள்ள அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டு தொடங்கி சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அதன் மேல்நிலை வகுப்புகளில் தொழில்முனைவு ஒரு விருப்பப்பாடம். பாடமாக இருக்கும்வரை எனக்குச் சந்தோஷமே. வட்டிக் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் மெடிக்கல் போகிறவனுக்கும் தெரிந்திருக்கட்டும். பாடம் தனிப் 'பிரிவு' ஆகி, மார்க் குறைந்தவர்களை அதில் ஒதுக்குவதுதான் ஆபத்து. யாரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை. பால் வில்லிஸ் 1977இல் எழுதிய நூலில் வரும் இங்கிலாந்துத் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் படிப்பைக் கிண்டலடித்துவிட்டுத் தாங்களே விரும்பித்தான் உடலுழைப்பு வேலைக்குப் போகிறார்கள். நம் பையனும் 'நானே கேட்டுத்தான் சார் எடுத்தேன்' என்பான். எனவே அவனுடைய விருப்பத்தை விட்டுவிட்டு நிர்வாகத்திடம் இரண்டு விஷயம் கேட்போம். லட்சத்தில் கட்டணம் வாங்கும் பள்ளியிலும் இந்தப் பிரிவு நடக்குமா? கடை நொடித்து இருபத்தோரு வயதில் பி.ஏ. சேர வருகிறவனுக்கு அரசுக் கல்லூரியில் ஒரு சீட்டு எழுத்தில் உண்டா?