இணையப் பெயர் வணிகம்: சொல்லிக் கொடுத்து வருமா?

"பையன் கடையில் உட்கார மாட்டேன் என்கிறான். இன்டர்நெட்டில் பெயர் வாங்கி விற்கப் போகிறானாம். அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது, பணம் கட்டு என்கிறான். கட்டலாமா?" நம் உறுப்பினர்கள் இப்படிக் கேட்கும்போது, தெரியாத தொழில் என்று ஒதுங்கிக்கொள்வது சரியல்ல. இதுவும் கொள்முதல், இருப்பு, விற்பனை என்ற மூன்றுக்குள் அடங்கும் தொழில்தான். ஆகவே வணிகர் கண்ணோடு இதைப் பார்ப்போம்.

இணையத்தில் ஒரு கடையைத் தேடி வருபவர் தட்டச்சு செய்யும் முகவரியே டொமைன் பெயர். டாட் காம், டாட் இன் என்று முடியும். முதலில் கேட்டவருக்கே பெயர் கிடைக்கும். முதலில் கவனிக்க வேண்டியது, இதைக் கிரயம் செய்து வாங்க முடியாது என்பதுதான். ஆண்டு வாடகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கட்டலாம். கட்டத் தவறினால் பெயர் கைவிட்டுப் போகும். வாடகை என்னவோ ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம்தான். இந்தக் குறைந்த முதலீடுதான் பிள்ளைகளை இழுக்கிறது. 2019-ல் 'வாய்ஸ் டாட் காம்' என்ற ஒரே பெயர் 3 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றது என்ற செய்தியும் சேர்ந்துகொள்கிறது.

அந்த 3 கோடியைச் சொல்பவர்கள், விலை போகாமல் கிடக்கும் பெயர்களைப் பற்றிச் சொல்வதில்லை. நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் 100 பெயர் வைத்திருந்தால் வாடகை ஒரு லட்சம். அவற்றில் இரண்டு பெயர் ஆளுக்கு 30 ஆயிரம் என்று விற்றால்கூட 40 ஆயிரம் கைநஷ்டம். மிளகாய் வற்றல் தேங்கிவிட்டால் விலையைக் குறைத்து யார் தலையிலாவது கட்டலாம். கேட்பாரில்லாத பெயரைக் குறைந்த விலைக்கும் எடுக்க ஆளில்லை. தவணை கட்டாமல் விட்டால் அது பூஜ்யம்.

இனி, கற்றுக் கொடுக்க முடிந்தவை எவை? பதிவு செய்வது, தவணை தவறாமல் புதுப்பிப்பது, விற்கும்போது பணத்தை நடுவர் கணக்கில் போடவைத்துப் பெயரை மாற்றிக் கொடுப்பது ஆகியவற்றை இரண்டு நாளில் சொல்லித் தரலாம். மண்டித் தரகு தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அரை நாள் போதும். சட்டத்தையும் கற்பிக்கலாம், கட்டாயம் கற்பிக்கவும் வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999-ல் 'சிஃபி' என்ற சொல்லை வைத்துப் பல பெயர்களைப் பதிவு செய்தது. தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து அதுவே உருவாக்கிய சொல் அது. பின்னால் வந்த இன்னொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூட்டி, ஏறக்குறைய அதே ஒலியில் பெயர் வைத்தது. பெங்களூரு நகர நீதிமன்றம் தடை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. கடைசியில் 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே பக்கம் தீர்ப்பளித்தது. டொமைன் பெயர் வெறும் முகவரி அல்ல, வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் கடைப் பலகையைப் பார்த்து எதிர்வரிசைக்காரர் அதே பெயரில் பலகை மாட்டினால் என்ன நியாயமோ, அதே நியாயம்தான். டாட் இன் பெயர்களுக்கு 2005 முதல் தனி நடுவர் முறையும் இருக்கிறது. பிறர் பெயரைக் கெட்ட நோக்கத்தோடு பிடித்து வைத்தவரிடமிருந்து அதை எடுத்து உரியவரிடம் கொடுத்துவிடுவார்கள். வைத்திருந்தவருக்கு ஒரு பைசா வராது.

ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையும் என்று ஊகித்து, டில்லி இளைஞர் ஒருவர் இரண்டையும் சேர்த்த பெயரை முன்கூட்டியே பதிவு செய்து வைத்தார். 2024-ல் அதற்கு ஈடாக வெளிநாட்டுப் படிப்புச் செலவைக் கேட்டார். நிறுவனம் இசையவில்லை. பெயர் துபாயில் உள்ள இரண்டு சிறுவர்கள் கைக்குப் போனது. அவர்களோ விலையில்லாமலே கொடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். ஊகம் என்னவோ பலித்தது. காசுதான் வரவில்லை.

அப்படியானால் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொற்களையும் ஊர்ப் பெயர்களையும்தான் பார்க்க வேண்டும். எதை எடுப்பது என்ற தீர்மானம் இங்கே வருகிறது. அதை வகுப்பில் கற்றுத்தர முடியும் என்று நமக்குத் தோன்றவில்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 2006 அக்டோபர் 1 முதல் 'பாண்டிச்சேரி' அரசுமுறையில் 'புதுச்சேரி' ஆனது. ஆங்கில எழுத்தில் 'புதுச்சேரி'யைப் பலர் பலவிதமாக எழுதுவார்கள். பிரெஞ்சுக்காரர் எழுத்து வேறு. வார இறுதியில் சென்னையிலிருந்து வருபவருக்கு இன்றும் இது 'பாண்டி'தான், உள்ளூர்க்காரருக்குப் 'புதுவை'. பயிற்சி பெற்றவர் இத்தனையையும் பட்டியல் போட்டுப் பதிந்துவிடுவார். ஊதுவத்தி வாங்க வருபவர் எந்தப் பெயரைத் தட்டுவார், மசாலா மொத்தக் கொள்முதலுக்கு வருபவர் எதைத் தட்டுவார் என்பது நேரு வீதியிலும் பெரிய மார்க்கெட்டிலும் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர் வாயால் கேட்டவருக்குத்தான் தெரியும். கடையில் உட்கார மாட்டேன் என்ற பிள்ளை தள்ளிவிட்டுப் போகிற அறிவு எது என்று பாருங்கள்!

ஆகவே பெருந்தொகை கட்ட வேண்டாம் என்பதே நம் கருத்து. ஆசை அடங்கவில்லை என்றால், தான் அறிந்த சரக்கு சம்பந்தமாக ஐந்து பெயரை வாங்கி ஓராண்டு வைத்துப் பார்க்கட்டும். ஐயாயிரத்தோடு போகும். வகுப்பு நடத்துபவருக்கு நிச்சய வருமானம் வகுப்புக் கட்டணம்தான் என்பதையும் மறக்கலாகாது. இன்னொரு எச்சரிக்கை: "உங்கள் பெயரை நல்ல விலைக்கு வாங்குகிறோம், முதலில் மதிப்புச் சான்றிதழ் வாங்குங்கள்" என்று கடிதம் வந்தால் பதில் போட வேண்டாம். சான்றிதழுக்குப் பணம் கட்டியதும் வாங்குபவர் மறைந்துவிடுவார்.

பெயர் விற்க நினைக்காத உறுப்பினர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கடைக்கு இணையதளம் வைத்திருப்பவர்கள், அந்தப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளம் அமைத்துக் கொடுத்தவர் தன் பேரிலேயே பதிந்துகொண்டிருந்தால், சட்டத்தின் முன் வாதாடலாம் என்றாலும் அலைச்சல் உங்களுக்குத்தான். பதிவில் உங்கள் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இருக்க வேண்டும். நினைவூட்டல் அங்கேதான் வரும். டாட் காம் பெயர் தவணை தவறி நீக்கப்பட்டால், அதன் பின் 30 நாள் வரை கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதற்கு மேல் 5 நாள் யாராலும் தொட முடியாது. ஆறாம் நாள் அது சந்தைக்கு வந்துவிடும். பழைய வாடிக்கையாளர் தேடி வரும் பெயர் என்று தெரிந்தால், வாங்கக் காத்திருப்பவர்கள் உண்டு. புதுப்பிக்கும் தேதியை உரிமம் புதுப்பிக்கும் தேதியோடு சேர்த்துக் கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டிவையுங்கள்.