சாமை விதை யாருக்குச் சொந்தம்? கொல்லிமலை மக்களுக்குச் சட்டம் தரும் உரிமைகள்!

கொல்லிமலை என்றதும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாய கங்கை அருவியும்தான் நினைவுக்கு வரும். நாமக்கல் மாவட்டத்தின் இந்த மலைக்கு இன்னொரு சொத்தும் உண்டு... சாமை, தினை, கேழ்வரகு விதைகள்!

இங்கே வாழும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) தலைமுறைகளாகக் காத்துவந்த விதைகள் இவை. சாமையில் மட்டுமே கட்டவெட்டி சாமை, திரிகுல சாமை, பெருஞ்சாமை எனப் பல ரகங்கள்.

மரவள்ளி வந்தது, சாமை குறைந்தது

சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு தேவைப்பட்டது. விற்றால் உடனே காசு என்பதால், சாமை விளைந்த நிலங்கள் மரவள்ளிக்கு மாறின. ரேஷனில் அரிசியும் சுலபமாகக் கிடைத்தது. சாமையை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்குவதோ பெண்களுக்குப் பெரும்பாடு. விதைப்பது நின்றால், சில ஆண்டுகளில் அந்த ரகமே காணாமல் போய்விடும்.

இதைத் தடுக்க, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதை வங்கிகள், உமி நீக்கும் இயந்திரங்கள், மகளிர் குழுக்கள் மூலம் விற்பனை எனப் பல முயற்சிகளை எடுத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001: விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. பிராண்டு பெயரில் மட்டும் விற்கக் கூடாது. பாரம்பரிய ரகங்களை விவசாயிகளே தங்கள் பெயரில் பதிவும் செய்யலாம். 2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்கு போட்டபோது, விவசாயிகள் தரப்பு சுட்டிக்காட்டியது இந்தச் சட்டத்தின் 39-வது பிரிவைத்தான். எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது.

பல்லுயிர்ச் சட்டம், 2002: உள்ளாட்சி அமைப்புதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் தாவரங்கள், விதைகள், அவை பற்றிய அறிவு எல்லாம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற வேண்டும். வணிகத்துக்காக அவற்றைச் சேகரிப்பவர்களிடம் குழு கட்டணம் வசூலிக்கலாம். பதிவேடு சரியாக இருந்தால்தான், ‘இது எங்கள் மலை விதை’ என்று ஊரால் ஆதாரத்தோடு பேச முடியும்.

ரேஷன் கடை வரை வருமா?

உரிமை இருந்தாலும், விலை கிடைக்காத பயிரை யார் விதைப்பார்கள்? இங்கேதான் மூன்றாவது சட்டம் வருகிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, அரிசி, கோதுமையோடு சிறுதானியங்களையும் ரேஷன் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு பத்தாண்டுகள் கழித்து, 2023-ல்தான் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது.

அந்த வரிசையில் சாமையும் சேர்ந்து, கொல்லிமலையிலேயே அரசு கொள்முதல் செய்தால், மரவள்ளிக்கு நிகராக இன்னொரு நிலையான வருமானம் மலை மக்களுக்குக் கிடைக்கும். விதை வங்கியில் டப்பாவில் இருக்கும் ரகங்களும் மறுபடி வயலுக்கு வரும்.