நாணம் மறைக்கும் நோய்

முன்னுரை

மருத்துவமனைகள் நிறைந்த நகரத்திலும், சித்தாளாகவும் வீட்டுப் பணியாளராகவும் உழைக்கும் ஏழைப் பெண்டிர்க்கு மருத்துவம் எட்டாத் தொலைவிலேயே நிற்கிறது. ஒருநாட் கூலியை இழக்க இயலாத வறுமை ஒருபுறம். மறைவிடத்து நோயை வாய்விட்டுரைக்க நாணும் உள்ளம் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே சத்தமின்றி வளரும் கொடுநோய் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆகும்.

நோயின் தோற்றம்

பாலுறவின் வழிப் பரவும் ஹெச்.பி.வி. என்னும் வைரசே இந்நோய்க்கு முதற் காரணம். இதனை ஆராய்ந்து நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரஸ் மிகப் பரவலானது. பெரும்பாலோர் உடல் இரண்டாண்டுக்குள் தானே அதனை வென்றுவிடும். சிலரிடம் மட்டும் அது நிலைத்து, 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றாக முற்றுகிறது. கணவனிடமிருந்தே மனைவிக்கு இது தொற்றக்கூடும். ஆதலின் நோயுற்றவளின் ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமையன்றோ?

உறவுக்குப் பின் உதிரம் கசிதல், மாதவிடாய் நின்றபின் உதிரம் காணுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். இவற்றுட் பல எளிதில் தீரும் பிற தொற்றுகளாலும் வரலாம். எதுவென அறிய மருத்துவரை நாடுவதே முறை. தொடக்க நிலையில் எக்குறியும் தோன்றாது என்பதால் நலமாயிருப்போர்க்கும் சோதனை வேண்டும்.

திண்டுக்கல் தந்த சான்று

இச்சோதனைக்குப் பெருஞ்செலவு வேண்டுமோ எனின், வேண்டா. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவ, ஒரு நிமிடத்தில் பழுதுற்ற பகுதி வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்யலாம். 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள மகளிருள் 31,343 பேர் இவ்வாறு சோதிக்கப்பட்டனர். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு, ஏனைய ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் வெளிவந்த முடிவு காட்டிற்று. சிற்றூரில் இயன்றது நகரின் குடிசைப் பகுதியில் இயலாதா? உழைக்கும் மகளிர்க்கு உகந்த நேரத்தில், பெண் செவிலியர், மறைவான அறை, கனிவான சொல் ஆகியன அமைந்தால் இயலும்.

முடிவுரை

நமக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரையே தொண்டாக மாற்றி, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். இன்று சிறுமியர்க்குத் தடுப்பூசியும் உண்டு. 9 முதல் 14 வயதிற்குள் இடுவது சாலச் சிறந்தது. 30 வயது கடந்த அன்னையரிடமும் தமக்கையரிடமும், காரைக்குடியின் தெருக்களில் உழைக்கும் மகளிரிடமும் இச்செய்தியை எடுத்துரைத்தல் கற்றோர் கடனாகும். நாணத்தினும் உயிர் பெரிது.