நடுக்கமும் நாகரிகமும்

மின்விசிறி சுழலத் தொடங்கியவுடன் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொள்கிறவர்களும், மார்கழி பிறப்பதற்கு முன்பே பெட்டியின் அடியிலிருந்து கம்பளியைத் தேடி எடுக்கிறவர்களும், ரயிலில் குளிர்சாதனப் பெட்டிக்குச் சீட்டு வாங்கித் தந்தால் சந்தோஷப்படுவதற்குப் பதிலாகக் கவலைப்படுகிறவர்களும் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். வெயில் தாங்காதவனுக்கு விசிறியும் மோரும் கொண்டுவந்து கொடுக்கிற ஊர், குளிர் தாங்காதவனைக் கண்டால் மட்டும், "சென்னையில் ஏதையா குளிர்?" என்று பரிகாசம் செய்துவிட்டுப் போய்விடுகிறது. கேள்வியில் ஓரளவு நியாயமும் உண்டு. தை மாதத்து விடியற்காலையிலேகூட அந்நகரத்தின் உஷ்ணமானி பெரும்பாலும் 20 டிகிரி அளவோடு நின்றுவிடுகிறது. ஆயினும் குளிர்வது உஷ்ணமானிக்கு அன்று, உடம்புக்கு.

உடம்பின் உட்புறம் ஏறக்குறைய 37 டிகிரி உஷ்ணத்தில் நிலைத்திருக்கவேண்டும் என்பது பிரகிருதியின் நியதி. அதற்குப் பங்கம் வரும்போலத் தோன்றினால், கைவிரல், கால்விரல், மூக்கு நுனி முதலிய ஓரங்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளுறுப்புக்களுக்கே உஷ்ணம் மிச்சப்படுத்தப்படுகிறது. ஒல்லியான தேகத்தில் இது சீக்கிரம் நிகழும். இரத்தசோகையும் தைராய்டுச் சுரப்பியின் மந்தமும் இதை அதிகப்படுத்தும். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆகவே எப்போதும் குளிருகிறது என்று சொல்லும் பெண்ணுக்குச் சால்வை வாங்கித் தருவதற்கு முன்னால் இரத்தப் பரிசோதனை செய்விப்பது உத்தமம். மருந்து சாப்பிட்டு முடித்த பிறகும் நடுங்குகிறவர்களுக்காகத்தான் நான் எழுதுகிறேன்.

குளிருகிறது என்றதும் அகப்பட்ட கனமான துணியை எடுத்து மேலே போட்டுக்கொள்வது நம் வழக்கம். அலங்கோலம் அங்கேதான் ஆரம்பமாகிறது. கம்பளி தானாக உஷ்ணத்தை உண்டுபண்ணுவதில்லை. உடம்பிலிருந்து எழும் உஷ்ணத்தை ஓடிவிடாமல் நிறுத்திவைப்பதுதான் அதன் தொழில். அந்தத் தொழிலையும் பெரும்பாலும் செய்வது, சுருள் சுருளான மயிர்களுக்கு நடுவே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றேயாகும். ஒரே தடித்த துணியைவிட, இடையிடையே காற்றுக்கு இடம்விட்ட மெல்லிய துணிகள் இரண்டு மூன்று கூடுதலான கதகதப்பைத் தருவது இதனாலேதான். 1933-இல் நார்வே நாட்டு ராணுவத்தைச் சேர்ந்த ஹென்ரிக் புருன் என்பவர் மீன் பிடிக்கும் வலைத்துண்டைக்கொண்டு ஓர் உள்சட்டை தைத்தார். வலையின் கண்களில் காற்றுத் தங்க, மேலே போட்ட சட்டை அதை மூடிவிட, பனிப்பிரதேசத்துக்கு அது அருமையான உடையாயிற்று. 1953-இல் எவரெஸ்ட் சிகரத்தை வென்ற குழுவினரின் உடைகளிலும் அத்தகைய வலைச்சட்டை இடம்பெற்றது. நாம் கோடை தாங்காமல் போட்டுக்கொள்ளும் வலைப் பனியனுக்கும் அதற்கும் அமைப்பில் அதிக பேதமில்லை. மேலே மூடினால் கதகதப்பு, திறந்துவிட்டால் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

இந்த ரகசியத்தை அநுபவத்தினால் அறிந்த ஜனங்கள் குளிருக்கென்றே உடை வகுத்தார்கள்; அந்த உடைகள் அழகாகவும் இருக்கின்றன. வெயிலுக்கென்று பிறந்த உடையின்மேல் அவசரத்துக்குக் கம்பளியை ஏற்றிக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் கதகதப்பும் அழகும் ஒன்றுக்கொன்று விரோதமாகத் தோன்றுகின்றன.

காஷ்மீரத்தைப் பாருங்கள். அங்கே டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் கொடுங்குளிர்க் காலத்துக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். 40 நாள் நீடிக்கும் அக்காலத்தில் தால் ஏரியின் நீர்ப்பரப்பே உறைவதுண்டு. அந்தக் குளிரை எதிர்த்து அந்நாட்டார் அணிவது 'ஃபேரன்' என்னும் தளர்ந்த நெடுஞ்சட்டை. தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரையில், இடுப்பில் எந்த இறுக்கமும் இல்லாமல் அது விழுகிறது; உள்ளே 'பூட்ஸ்' என்று சொல்லப்படும் மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று அதே வடிவத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே காற்று. விரல் விறைத்தால் கைகளைச் சட்டைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளலாம். இவ்வளவு தொளதொளப்பான உடை எப்படி அழகாயிற்று என்று யோசித்தால், தைத்தவர்களின் புத்திசாலித்தனம் விளங்கும். உடம்பின் வடிவத்தைக் காட்ட முடியாத உடைக்கு உடம்பின் நடுவில் அலங்காரம் எதற்கு என்று விட்டுவிட்டு, கழுத்து, மார்பின் திறப்பு, மணிக்கட்டு, கீழ்விளிம்பு ஆகிய ஓரங்களில் மட்டும் பொன்னிழையாலும் வெள்ளியிழையாலும் 'தில்லா' என்னும் பூவேலையைச் செய்தார்கள். பார்க்கிறவன் கண் முகத்திலும் கையிலும் போய் நிற்கிறது. நடுவிலுள்ள பருமன் மறந்துபோகிறது. அண்மைக் காலத்தில் ஸ்ரீநகரத்து யுவ யுவதிகள் ஃபேரனைப் புதுப்புது வெட்டுகளில் தைத்துப் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஃபேரனுக்குள் ஏந்திக்கொள்ளும் காங்கிரி, அதாவது பிரம்புக் கூடைக்குள் வைத்த நெருப்புச் சட்டி, பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். வருஷக்கணக்காக வயிற்றையும் தொடையையும் அனலில் காய்ச்சுவதனால் தோலில் புற்றுநோய் உண்டாவதை எல்ம்ஸ்லி என்ற வைத்தியர் 1866-லேயே எழுதிவைத்தார். சட்டையைக் காப்பியடிக்கலாம், சட்டி வேண்டாம்.

சால்வையின் விஷயமும் அந்தத் திசையிலிருந்தே வருகிறது. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டருக்கும் அதிக உயரமுள்ளது. அங்கே மேயும் வெள்ளாடுகள் குளிர்காலத்தில் வெளிமயிருக்கு அடியில் இன்னொரு மென்மயிரை வளர்த்துக்கொள்ளும். வசந்தகாலத்தில் அதைச் சீப்பால் வாரி எடுத்து நூற்றால் பஷ்மினா. மனிதனுடைய தலைமயிர் சுமார் 70 மைக்ரான் கனமென்றால், இதன் இழை 12 முதல் 16 மைக்ரான்தான். இழை மெலிய மெலியக் காற்றுக்கு அறைகள் பெருகுகின்றன; ஆகவேதான் கையில் எடுத்தால் பாரமே தெரியாத துணி, மேலே போட்டால் அடுப்படியில் இருப்பதுபோன்ற சுகத்தைத் தருகிறது. நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் இந்தச் சால்வைகளின்மேல் கொண்ட மோகம் ஐரோப்பிய நாகரிகத்தையே பிடித்துக்கொண்டது. ஸ்காத்லாந்தில் பேஸ்லி என்ற ஊர் முழுவதும் இவற்றைப் போலவே நெய்து பிழைத்தது. அதில் பிரதானமான வடிவம் நம் காஞ்சிபுரத்துப் பட்டில் மாங்காயாகக் காய்த்திருக்கும் அதே வடிவந்தான். கடைத்தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குப் பஷ்மினா என்று கூவி விற்பதை நம்பவேண்டாம். அந்தப் பணத்துக்கு அசல் கிடைக்காது. அதைவிட, மெரினோக் கம்பளியில் நெய்த எளிய சால்வையை அதன் சொந்தப் பெயரிலேயே வாங்கிப் போர்த்துவது கௌரவம். திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் மயிரில் நெய்யப்படும் ஷாதூஷ் சட்டத்தால் தடுக்கப்பட்டது. தடுக்கப்படாவிட்டாலும் மனமறிந்து அதைப் போர்த்திக்கொண்டு ஒருவர் எப்படிக் கதகதப்பாக உணரமுடியும் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் உதகமண்டலத்தில் ஜனவரி மாதத்துப் புல்வெளி உறைபனியால் வெளுத்துக்கிடக்கும். சமவெளியிலிருந்து போகிறவர்கள் பஸ் நிலையத்தருகே ஸ்வெட்டர் ஒன்றைப் பேரம்பேசி வாங்கி, அதன் அளவும் நிறமும் எப்படியிருந்தாலும் பாதகமில்லை என்று மாட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், விசேஷத்துக்குப் போகும் தோடர் ஒருவர் புத்துக்குளியைத் தோளில் சுற்றிக்கொண்டு நடந்து போனால், அந்தக் கம்பீரம் நம்மை வெட்கப்படவைக்கும். இரட்டை மடிப்பாக அமைந்த தடித்த வெண்பருத்திப் போர்வை அது; சிவப்பு, கறுப்பு என இரண்டே நிறம்; தோடப் பெண்கள் துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசியால் போட்ட பூவேலை. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நிறம் குறைவாயிருப்பதே அதன் அழகுக்குப் பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, தை மாதத்தில் தில்லியில் நடக்கும் தமிழ்க் கல்யாணத்துக்கு வருவோம். கரோல்பாகிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ விடியற்காலை முகூர்த்தம். வெளியே ஏழெட்டு டிகிரி. மண்டபத்தில் அத்தனை பெண்களும் காஞ்சிபுரத்தை உடுத்தி, அதன்மேல் பொத்தான் வைத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அலங்கரித்த தேரைத் தகரத்தால் அடைத்து நிறுத்தியதுபோல் இருக்கிறது அந்தக் காட்சி. முந்தானை ஸ்வெட்டருக்கு உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா என்ற பிரச்சினைக்கு இன்றுவரை யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. உள்ளே போனால் சரிகை கண்ணில் படாது, வெளியே போட்டால் தோளில் நிற்காது.

பரிகாரம், கதகதப்பை வெளியே ஏற்றாமல் உள்ளே இறக்குவதுதான். பட்டே இயல்பில் உஷ்ணம் காக்கும் துணி. குறையெல்லாம் இடுப்பிலும் கையிலும் காலிலும் இருக்கிறது. உள்பாவாடைக்குள் மெல்லிய கம்பளியில் பின்னிய கால்சட்டை ஒன்று, ரவிக்கைக்குப் பதிலாக இடுப்பு வரை நீண்டு சேலைக்குள் செருகிக்கொள்ளும் முழுக்கைக் கம்பளி ரவிக்கை ஒன்று, இவ்விரண்டும் இருந்தால் பாதிக் குளிர் போயிற்று. கழுத்து உயர்ந்த கறுப்பு ரவிக்கையின்மேல் அரக்குச் சேலை எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பதை ஒருமுறை உடுத்திப் பார்த்தவர்கள் பிறகு விடுவதில்லை. உடம்பை ஒட்டிய துணி பருத்தியாக இல்லாதிருப்பது நல்லது; பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து சில்லிடும், கம்பளியோ ஈரத்தை உள்வாங்கிய பிறகும் கதகதப்பை விடாது. வெளியே போர்த்துவதற்குச் சேலையின் உடல்நிறத்தை விட்டு, கரையின் நிறத்தில் ஒரு சால்வை. தெருவில் இறங்கும்போது இன்னும் வேண்டுமென்றால், கணுக்கால் வரை நீண்ட கோட்டு. இந்திரா காந்தி வெளிநாடுகளில் சேலையின்மேல் நெடிய கோட்டணிந்து நிற்கும் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு, அரைக்கோட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பாதத்துக்கு மட்டும் எனக்கு ஒரு வழியும் திருப்தியாக இல்லை. கட்டைவிரல் பிரிந்த காலுறையோடு செருப்பணிவது சௌகரியம், ஆனால் அழகன்று. முன்பக்கம் மூடிய ஜூத்தி அழகு, ஆனால் மெட்டி போட்ட விரல் அதில் படும் பாடு பெரும்பாடு.

ஆண்களுக்குச் சொல்வதற்கு அதிகமில்லை. வேட்டிக்குள் கம்பளிக் கால்சட்டை, ஜிப்பாவின்மேல் ஜவாஹர் கோட்டு என்று முடித்துவிடலாம். குரங்குக் குல்லாவை மட்டும் விட்டுவிடும்படி மன்றாடுகிறேன். உடம்பின் உஷ்ணத்தில் பாதி தலைவழியே போய்விடுகிறது என்று சொல்லி அதை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. தலை உடம்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், போகும் உஷ்ணமும் அந்தக் கணக்கை வெகுவாகத் தாண்டுவதில்லை. கழுத்தில் ஒரு மப்ளர் போதும்.

மலையும் பனியும் இல்லாத ஊரில் குளிருகிறவர்களுக்கு இன்று உள்ள பெரிய சத்துரு ஆபீஸின் குளிர்சாதனந்தான். உடையின் கதகதப்பை அளப்பதற்கு 1941-இல் 'க்ளோ' என்றோர் அளவை விஞ்ஞானிகள் ஏற்படுத்தினார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனைச் சுகமாக வைத்திருக்கும் உடை, அதாவது அக்காலத்து ஆண்மகனின் கோட்டு முதலிய முழு உடுப்பு, ஒரு க்ளோ. ஆபீஸ் அறைகளின் உஷ்ணத்தை நிர்ணயிக்கும் சூத்திரங்கள், 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஓர் ஆணின் உடம்பு உண்டாக்கும் உஷ்ணத்தை அடிப்படையாகக் கொண்டவை என்பதை நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் 2015-இல் எடுத்துக்காட்டினார்கள். நூல் சேலை கட்டிய ஐம்பது கிலோப் பெண் அந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை. நம் அரசாங்கம் 2020 முதல் புதிய குளிர்சாதன இயந்திரங்களை 24 டிகிரியில் அமைத்தே விற்கவேண்டுமென்று விதித்தது. அதைக் குறைக்கும் பொத்தானோ மானேஜரின் கையில் இருக்கிறது. ஜப்பானில் 2005-ஆம் வருஷத்துக் கோடையில் அரசாங்க ஆபீஸ்களின் உஷ்ணத்தை 28 டிகிரிக்கு உயர்த்தி, மந்திரிகள் முதற்கொண்டு கோட்டையும் டையையும் கழற்றிவைத்தார்கள். நம் ஊர் மானேஜரிடம், "ஐயா, தாங்கள் கோட்டைக் கழற்றினால் நான் இந்தச் சால்வையைக் கழற்றுவேன்" என்று விண்ணப்பித்துப் பார்க்கலாம். அதற்கு உத்தரவு கிடைக்கிற வரையில், நாற்காலியின் முதுகில் நல்ல நிறத்தில் ஒரு சால்வை தொங்கட்டும்.