விடுமுறை வீடும் விளைநிலமும்

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி ஆகிய சொற்கள் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. வீட்டுக்குரிய சொற்களை நமக்குத் தந்த அந்நாட்டில், இன்று வீட்டைக் காப்பதினும் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைக் காப்பதே பெரும்பாடாக இருக்கிறது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்படி கோயிம்பிரா நகரில் ஒரு பருவம் பயின்றபோது இதனை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஓய்வு நாட்களில், அந்நகருக்குக் கிழக்கே மலைச்சாரலில் உள்ள ஒரு சிற்றூருக்குச் செல்வேன். அங்கே நெதர்லாந்து நாட்டு முதியவர் இருவர், கணவனும் மனைவியும், ஒரு பழைய கல்வீட்டை விடுமுறை வீடாக வாங்கி வைத்திருந்தனர். அவர்களுடைய நிலத்து வேலைகளில் உதவி, அங்கே கற்றவற்றை நம் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறேன்.

வெளிநாட்டார் அங்கே வீடு வாங்குவானேன்? ஊர்கள் காலியானதே காரணம். 1960-க்கும் 1974-க்கும் இடையே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட போர்ச்சுக்கீசியர் பிழைப்புக்காகப் பிரான்சு முதலிய நாடுகளுக்குச் சென்றனர். அவர்களுள் பலர் ஆகஸ்டு மாதத்தில் மட்டும் பிறந்த ஊருக்கு வந்து போகின்றனர். விற்கப்பட்ட வீடுகளை ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செர்மானியரும் வாங்கினர். ஆக, ஊரிலுள்ள வீடுகளுள் பல, ஆண்டில் பத்து மாதம் பூட்டியே கிடக்கின்றன. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம். நிலத்தைப் பூட்ட முடியுமா?

அந்நாட்டின் பருவநிலை நம்முடையதினும் வேறு. அக்டோபர் தொடங்கி மே வரை மழை. கோடை முழுதும் வறட்சி. மழையில் வளர்ந்த புல், சூன் மாதத்தில் காய்ந்து வைக்கோலாகிறது. உழாத நிலத்தில் புல்லோடு புதரும் வளர்கிறது. தீ முதலில் புல்லைப் பற்றுகிறது. புல்லிலிருந்து புதருக்கும், புதரிலிருந்து மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கும், அங்கிருந்து உச்சிக்கும் ஏறுகிறது. ஏணியின் படிகள் போன்ற இவற்றுள் ஒரு படியை எடுத்துவிட்டாலும் தீ ஏறுவது கடினம். நிலப் பராமரிப்பின் அடிப்படை இதுதான்.

இந்த ஏணியை எடுக்காமல் விட்டதன் விலையை அந்நாடு 2017-இல் கொடுத்தது. சூன் 17-ஆம் நாள் பெத்ரோகாவ் கிராந்தே என்னும் வட்டாரத்தில் மூண்ட தீயில் 66 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர், ஊரைவிட்டுத் தப்பியோட முயன்று ஒரே சாலையில் சிக்கி இறந்தவர்கள். அதே ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் மூண்ட தீயில் மேலும் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தனர். கைவிடப்பட்ட நிலம் உரியவனுக்கு மட்டும் நட்டமன்று, அயலானுக்கும் ஆபத்து என்பதை அந்நாட்டார் அன்று உணர்ந்தனர்.

அதன்பின் சட்டங்கள் கடுமையாயின. 2018-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, வீட்டைச் சூழ்ந்த வளையத்தில் தைலமரங்களின், பைன் மரங்களின் தலைகள் ஒன்றுக்கொன்று 10 மீட்டரும், பிற மரங்களின் தலைகள் 4 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். எந்த மரக்கிளையும் வீட்டிற்கு 5 மீட்டருக்குள் வரலாகாது. கடமை வீட்டுக்காரருடையது மட்டுமன்று. வளையத்திற்குள் எவருடைய நிலம் இருக்கிறதோ, அவர் அதைத் துப்புரவு செய்யவேண்டும். செய்யாவிடில் தண்டம் உண்டு; நகராட்சியே வேலையைச் செய்து செலவை அவரிடம் வாங்கலாம்.

வளையத்தின் அகலம் எவ்வளவு? இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுற்றியுள்ளது காட்டு நிலமாயின் 50 மீட்டர். முற்றும் விளைநிலமாயின் 10 மீட்டர் போதும். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள வீடு ஒன்றைக் கொள்வோம். அதனைச் சுற்றி 50 மீட்டர் வளையம் என்பது ஏறத்தாழ ஒரு ஹெக்டேர். நம் ஊர்க் கணக்கில் 243 சென்ட். 10 மீட்டர் வளையமோ 18 சென்ட் மட்டுமே. உழுது பயிரிட்ட நிலம் தானே ஒரு மதிலாக நிற்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்று இதற்குப் பொருள்.

ஆனால் நிலத்தின் நாட்காட்டி வேறு, விடுமுறையின் நாட்காட்டி வேறு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒலிவ அறுவடை. மரத்தடியில் வலை விரித்துக் காய்களை உதிர்த்து, காலந்தாழ்த்தாமல் செக்குக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். குளிர்காலம் கழிந்தபின் கவாத்து. கழித்த கிளைகளை மழைக்காலத்திலேயே, நகராட்சிக்கு முன்னறிவித்து எரிக்கலாம். அல்லது துண்டாக்கி மண்ணிலேயே பரப்பலாம். மார்ச்சில் உழவு. ஏப்ரலில் புல்வெட்டு, துப்புரவுக்குச் சட்டம் குறித்த தவணை ஏப்ரல் 30. மழை நீடித்த ஆண்டுகளில் அரசு தவணையை நீட்டியதும் உண்டு. முன்னதாக வெட்டினால் புல் மீண்டும் தழைக்கும். பின்னதாக வெட்டினால் காய்ந்த புல்லில் இயந்திரத் தகடு கல்லில் மோதித் தெறிக்கும் ஒரு பொறியே தீயாகும். தீ அபாயம் மிக்க நாட்களில் அத்தகைய இயந்திரங்களை இயக்கவே தடை இருக்கிறது.

வீட்டுக்காரர் வருவதோ சூலையிலும் ஆகஸ்டிலும்! அப்போது அவர் செய்யக்கூடியது தண்ணீர் ஊற்றுவதும் காவலிருப்பதுமே. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் பிரிந்தபின், 2021 முதல், அங்கே குடியுரிமையோ வதிவுரிமையோ இல்லாத பிரித்தானியர் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கவும் இயலாது.

மரங்களைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். நம் நீலகிரியில் காணும் அதே தைலமரம், காகிதக் கூழுக்காக அங்கே பெருவாரியாக நடப்பட்டது. இன்று அந்நாட்டுக் காட்டுப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதுவே. அதன் உரிந்த பட்டைகள் எரிந்தபடியே காற்றில் பறந்து தொலைவில் புதுத் தீயை மூட்டும். வெட்டினாலும் அடிமரத்திலிருந்து தளிர்க்கும். தக்கை மரத்தின் இயல்போ நேர்மாறு. அதன் தடித்த பட்டை தீயைத் தாங்கும். பட்டையை முதலில் உரிக்கச் சுமார் 25 ஆண்டு ஆகும். பின்னர் 9 ஆண்டுக்கு ஒருமுறையே உரிக்கலாம். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே எழுதி வைக்கிறார்கள். தன் நிலத்திலுள்ள தக்கை மரத்தையும் அனுமதியின்றி வெட்டலாகாது. 2017 சூன் தீ, பெனேலா வட்டாரத்துச் சிற்றூரான பெர்ராரியா தி சாவ் சோவாவுவை நெருங்கியபோது, அங்கிருந்த தக்கைமரத் தோப்பு ஊருக்கு அரணாயிற்று. பின்னர் ஊரார் ஒன்றுகூடி, வீடுகளைச் சுற்றியிருந்த தைலமரங்களை அகற்றி, காப்பு வளையம் ஒன்றை அமைத்தனர்.

நான் உதவிய வீட்டில் கடைப்பிடித்த வழி மிக எளியது. அடுத்த வீட்டு மூதாட்டிக்கு எண்பது வயதிருக்கும். நிலத்தில் பாதியை அவருக்கு வாடகையின்றி விட்டிருந்தனர். அவர் கீரையும் உருளைக்கிழங்கும் அவரையும் பயிரிடுகிறார். அவருடைய ஆறு வெள்ளாடுகள் மீதிப் பாதியில் புல் மேய்கின்றன. ஒலிவ எண்ணெயில் இருவருக்கும் பங்கு. புதரை ஒடுக்க ஆடுகளைவிட நல்ல துணை இல்லை என்பது ஊரார் கண்ட உண்மை. 2018-இல் அரசே தீத்தடுப்புக்கென ஆட்டு மந்தைகளை ஆதரிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. விடுமுறைக்கு வருவோர்க்கு அந்த ஏற்பாட்டினால் கிடைத்தது கீரையும் எண்ணெயும் மட்டுமன்று. பூட்டிய வீட்டைச் சுற்றிப் பத்து மாதமும் ஓர் ஆள் நடமாட்டம்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அம்மூதாட்டிக்குப் பின் யார்? அவருடைய மகன் பாரிசு நகரில் இருக்கிறார். பேரனுக்கு ஊர்மொழியே சரளமாக வராது. டச்சுத் தம்பதியரும் முதுமை எய்திவிட்டனர். “இன்னும் ஐந்து கோடை கழியட்டும், பிறகு பார்ப்போம்” என்று அவர்கள் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

நண்பர்களே! தமிழகத்தைவிட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நம்மில் பலருக்கும் ஊரில் ஒரு காணியோ அரைக் காணியோ உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறைக்குத்தான் நாமும் போகிறோம். போர்ச்சுக்கலில் தீ வந்து கணக்குக் கேட்கிறது. நம் ஊரிலோ சீமைக் கருவேல் ஓசையின்றி வரப்பேறி வருகிறது. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, அந்த நிலத்தை இப்போது யார் உழுகிறார்கள், அவருக்கு வயது என்ன என்று தந்தையாரிடம் கேட்டு வாருங்கள்.