பிரவுசருக்குள் ஒரு பைத்தான்

என் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். போன வருஷம் போன் பண்ணி, "மாமா, வீட்ல பைத்தான் புரோகிராம் போட்டுப் பாக்கணும், என்ன பண்றது?" என்று கேட்டாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இருப்பது அக்காவின் ஆண்ட்ராய்டு போன் மட்டும். பள்ளி லேபில் வாரத்துக்கு ரெண்டு பீரியட், அதிலும் ஒரு மெஷினுக்கு மூன்று பேர். கீபோர்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாடம், மற்ற ரெண்டு பேரும் வேடிக்கை பார்க்கணும்.

பத்து வருஷம் முன்னால் கேட்டிருந்தால், ஒரு பழைய லேப்டாப் தேடித் தருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை ஒரு லிங்க் அனுப்பினேன். திறந்தால் மேலே கோடு எழுத ஒரு பெட்டி, கீழே விடை வர ஒரு பெட்டி, நடுவில் 'ஓட்டு' என்று ஒரு பட்டன். வார இறுதியில் நான் கட்டிய பக்கம். உள்ளே இருப்பது 'பயோடைட்' என்ற திட்டம். 2018-இல் மோசில்லாவில் தொடங்கி, இப்போது தனியாக நடக்கும் திறமூலத் திட்டம்.

இதில் என்ன பெரிய விஷயம், இணையத்தில் கோடு ஓட்டும் தளங்கள் எப்பவோ வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தளங்களில் பெரும்பாலானவற்றில் நாம் எழுதும் கோடு எங்கேயோ ஒரு சர்வருக்குப் போய், அங்கே ஓடி, விடை மட்டும் திரும்பி வரும். நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓட்டினால் அந்த நூறு பாரத்தையும் சர்வர்தான் சுமக்கணும். அதற்கு யாரோ காசு கட்டணும். பயோடைடில் அப்படி இல்லை. பைத்தான் முழுசாகப் போனுக்கு இறங்கி, போனின் பிராசஸரிலேயே ஓடுகிறது. என் பக்கம் ஒரு சில ஃபைல்கள், அவ்வளவுதான். நூறு பேர் வந்தாலும் நூறு போன்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இது எப்படி நடக்கிறது? நாம் பைத்தான் என்று சொல்வது அடிப்படையில் சி மொழியில் எழுதிய ஒரு புரோகிராம். சாதாரணமாக அதை இன்டெல் சிப்புக்கோ ஏஆர்எம் சிப்புக்கோ கம்பைல் செய்வார்கள். இங்கே நிஜத்தில் இல்லாத ஒரு கற்பனை பிராசஸருக்குக் கம்பைல் செய்கிறார்கள். அந்தக் கற்பனை பிராசஸரின் கட்டளைத் தொகுப்புக்குப் பெயர்தான் வெப்அசெம்ப்ளி. பிரவுசர் அதை வாங்கி, தான் உட்கார்ந்திருக்கும் மெஷினின் நிஜக் கட்டளைகளாக மாற்றிக்கொள்ளும். அதனால் ஒரே ஃபைல் அக்காவின் போனிலும் ஓடும், பள்ளி லேபின் பழைய டெஸ்க்டாப்பிலும் ஓடும். பிரவுசர் மட்டும் ஓரளவு புதுசாக இருக்கணும்.

இந்த வாக்குறுதி புதுசு இல்லை. 1995-இல் ஜாவா வந்தபோது ஆப்லெட் என்று இதையேதான் சொன்னார்கள். அப்புறம் ஃப்ளாஷ். உலகம் முழுக்க ஆசிரியர்கள் ஃப்ளாஷில் பாடங்கள் செய்து வைத்தார்கள். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது, அடுத்த மாதமே அவை ஓடாமல் நின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் பரிசோதனைப் பக்கங்கள் தப்பித்தன. காரணம், அவர்கள் பல வருஷம் முன்பே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எச்டிஎம்எல்லுக்கு மாற்ற ஆரம்பித்திருந்தார்கள். ஆப்லெட்டும் ஃப்ளாஷும் ஒரு கம்பெனியின் பிளக்-இன்னை நம்பி நின்றவை. வெப்அசெம்ப்ளியை நான்கு பெரிய பிரவுசர்களும் 2017-இல் சேர்ந்து ஏற்றுக்கொண்டன, 2019 டிசம்பரில் டபிள்யூ3சி அதைத் தரநிலையாக அறிவித்தது. ஆப்லெட்டை நம்பி ஏமாந்தவன் நான், அதனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

சரி, கதைக்கு வருவோம். முதல் நாளே அவள் வொய்ல் லூப் எழுதி, உள்ளே எண்ணைக் கூட்ட மறந்துவிட்டாள். பக்கம் அப்படியே உறைந்துவிட்டது. பிரவுசரில் திரையைக் கவனிக்கும் அதே இழையில் பைத்தானும் ஓடியதால் 'நிறுத்து' பட்டனைக்கூட அமுக்க முடியவில்லை. பைத்தானை 'வெப் வொர்க்கர்' என்ற தனி இழைக்கு மாற்றினேன். இப்போது நிறுத்த முடிந்தது, ஆனால் இன்புட் வேலை செய்யவில்லை! பயனரிடம் கேள்வி கேட்கும் சின்னப் பெட்டியை வொர்க்கர் இழையால் திறக்க முடியாது. பாடப்புத்தகத்தில் பார்த்தால் ரெண்டு புரோகிராமுக்கு ஒன்று இன்புட் கேட்கிறது. கடைசியில் மூன்றாவதாக ஒரு பெட்டி வைத்தேன். கொடுக்க வேண்டிய எண்களை வரிக்கு ஒன்றாக முன்கூட்டியே அதில் எழுதிவிடணும். அழகான தீர்வு இல்லைதான். அவள் ரெண்டு நாளில் பழகிவிட்டாள்.

பாடத்திட்டத்தில் பெரும்பகுதி ஓடியது. எஸ்க்யூலைட் பாடம் ஓடியது. மேட்பிளாட்லிப் வரைபடங்களும் வந்தன, அதை இறக்கத்தான் நேரம் பிடித்தது. ஓடாத பாடம், பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் புரோகிராமைக் கூப்பிடுவது. அந்தப் பாடத்தில் பைத்தான் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லி கம்பைலரை ஓட்டச் சொல்லும். பிரவுசருக்குள் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொட வழியே கிடையாது. வெப்அசெம்ப்ளி புரோகிராமுக்குக் கொடுக்கப்படுவது ஒரு துண்டு மெமரி மட்டும். வெளியே எதைத் தொடணும் என்றாலும் பிரவுசரிடம் அனுமதி கேட்கணும். தெரியாத ஆள் எழுதிய புரோகிராமைப் பயமில்லாமல் ஓட்ட முடிவதும் இந்த வேலியால்தான். ஆக அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் லேபை விட்டால் வேறு வழியில்லை.

லேபுக்கு நெட் இல்லையே என்று கேட்ட ஒரு ஆசிரிய நண்பருக்காக இன்னொரு குறிப்பு. பயோடைட் ஃபைல்களைப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். ஆனால் டபுள் கிளிக் பண்ணித் திறந்தால் ஓடாது, பக்கத்து ஃபைலைப் படிக்க பிரவுசர் விடாது. ஆசிரியரின் மெஷினில் பைத்தானோடு வரும் சின்ன வெப் சர்வரை ஓடவிட்டு, மற்ற மெஷின்களில் அதன் ஐபி முகவரியை அடித்தால் போதும். மற்ற மெஷின்களில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, அட்மின் பாஸ்வேர்டு தேடி அலைய வேண்டியதும் இல்லை.

தொழில்துறை இதை நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டது. ஆட்டோகேட் 1982-இல் பிறந்தது. அதன் பல ஆண்டுப் பழைய கோடை வெப்அசெம்ப்ளியாக மாற்றி 2018-இல் பிரவுசருக்குக் கொண்டு வந்தார்கள். ஃபிக்மாவும் சி பிளஸ் பிளஸில் எழுதி இதே வழியில் பிரவுசருக்கு வந்ததுதான். ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கணக்கெல்லாம் நம் மெஷினில் நடக்கிறது, நம் கரண்ட், நம் பிராசஸர். ஆனால் லாகின் அவர்களுடையது, வரைபடமும் வழக்கமாக அவர்கள் சர்வரில்தான் உட்காருகிறது. சந்தா நின்றால் பட்டறைக்காரர் தன் வரைபடத்தையே திருத்த முடியாமல் நிற்பார். இதைத் தொழில்நுட்பத்தின் குறை என்று சொல்ல மாட்டேன், அது வியாபார முடிவு. ஃபைலை நம் டிஸ்கிலேயே வைத்துக்கொள்ளவும் இதே பிரவுசரில் வழி இருக்கிறது.

ஆனால் இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. அவள் எழுதுவதையெல்லாம் நான் பிரவுசரின் உள் சேமிப்பில்தான் வைத்திருந்தேன். தை மாசம், பிராக்டிகலுக்குக் கொஞ்ச நாள் முன்னால், போனில் இடம் இல்லை என்று அக்கா பிரவுசரைச் சுத்தம் செய்தாள். தளத் தரவு என்ற கட்டமும் டிக் ஆகியிருந்திருக்கிறது. ஆறு மாசமாக எழுதிய புரோகிராம்கள் அத்தனையும் போச்சு. "மாமா, என்னோடது எதுவுமே காணோம்" என்றபோது எனக்குப் பதில் வரவில்லை. சர்வர் வேண்டாம் என்று பெருமையாக முடிவெடுத்தவன் நான்தானே, காப்புப் பிரதி எங்கிருந்து வரும்?

அன்றைக்கு ராத்திரியே 'ஃபைலாக எடு' என்று ஒரு பட்டன் வைத்தேன். பத்து வரிகூட இல்லை. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் அவள் மறுபடி அடித்தாள், நான்கு நாள் ஆயிற்று. இப்போது ஒவ்வொன்றையும் ஃபைலாக எடுத்து, வாட்ஸாப்பில் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுகிறாள்.